தங்கச்சி செஸ் கிளாஸுக்கு மாசம் 3,000 தானே? வருஷக் கணக்கு போட்டா வர்ற தொகையே வேற!

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, கையில ஓரளவு சம்பளம் வருது, வீட்ல ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருக்காங்க. இப்படி இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. "நான்தான் படிக்கிறப்போ எதுக்கும் போக முடியல, பாப்பாவாவது போகட்டும்"னு கிளாஸ் ஃபீஸை நம்ம ஜிபேல இருந்து அனுப்புற அண்ணன், அக்கா கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் தெருவுக்கு ஒருத்தர் இருப்பாங்க. குழந்தை இப்பதான் எல்கேஜின்னு சொல்ற இளம் பெற்றோரும் படிச்சு வெச்சுக்கோங்க, இன்னும் பத்து வருஷத்துல இதே கணக்கு உங்க வீட்டுக்கும் வரும்.

ஒரு ஹைஸ்கூல் பிள்ளையோட வாழ்க்கையில படிப்பு, ஹாபி, போட்டின்னு மூணு இழுவை இருக்கு. மூணுக்கும் ரெண்டு வளம்தான்: வீட்டோட பணம், பிள்ளையோட நேரம். பணத்துக்காவது அரைகுறையா ஒரு கணக்கு வெச்சிருப்போம். நேரத்துக்கு யாருமே கணக்கு வைக்கிறதில்ல. இன்னைக்கு ரெண்டையும் போட்டுப் பார்த்துரலாம் வாங்க.

முதல்ல பணக் கணக்கு

ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்குவோம். சிங்காநல்லூர் பக்கம் வீடு. அப்பாவுக்கு ஒரு பம்ப் கம்பெனியில வேலை, சம்பளம் 24,000. லீவு போட்டா சம்பளத்துல பிடிச்சிருவாங்க. அண்ணன் சரவணம்பட்டியில ஐடி வேலை, கைக்கு வர்றது 42,000. மொத்தம் 66,000. தங்கச்சி ஒன்பதாவது, நல்லா செஸ் ஆடுது. கோச்சிங் ஃபீஸ் மாசம் 3,000.

"3,000 தானுங்க, அதெல்லாம் ஒரு செலவா?"ன்னுதான் வீட்ல எல்லாரும் நினைப்பாங்க. ஜூன்ல இருந்து மே வரைக்கும் உட்கார்ந்து எழுதினா இப்படி வரும்:

- கோச்சிங்: மாசம் 3,000 × 12 = 36,000
- கோவை, திருப்பூர், ஈரோடுன்னு பக்கத்துல நடக்குற ஒரு நாள் போட்டிகள்: 10 போட்டி. நுழைவுக் கட்டணம், பஸ், சாப்பாடு சேர்த்து ஒண்ணுக்கு 1,000 = 10,000
- வெளியூர்ல அஞ்சு நாள் நடக்குற ரேட்டிங் போட்டிகள்: 3. ரெண்டு பேருக்கு டிக்கெட், ரூம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் சேர்த்து ஒண்ணுக்கு 12,000 = 36,000
- புக், ஆன்லைன் சந்தா, செஸ் கிளாக் மாதிரி சில்லறைச் செலவு = 6,000
- அப்பா கூடப் போறதால போற சம்பளம்: ஒரு ட்ரிப்புக்கு 3 நாள், மூணு ட்ரிப்புக்கு 9 நாள். 24,000-ஐ 26 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 923. ஆக சுமார் 8,300

மொத்தம் 96,300 ரூபாய். மாசத்துக்குப் பிரிச்சா 8,025. வீட்டு வருமானத்துல 12%-க்கு மேல.

நாம செலவுன்னு நினைச்சிட்டிருந்த கோச்சிங் ஃபீஸ் மொத்தத்துல 37% தான். மீதி 63% யார் கண்ணுலயும் படாம, ஒரு தடவை அண்ணன் கார்டுல, ஒரு தடவை அம்மாவோட சீட்டுப் பணத்துல, ஒரு தடவை அப்பாவோட லீவுலன்னு சிதறிப் போயிருக்கு. இது உதாரணத் தொகைதான். உங்க வீட்ல பேட்மிண்டனா, நீச்சலா, பரதநாட்டியமா, ரோபோட்டிக்ஸான்னு பார்த்து உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. ஷட்டில்காக் மாதிரி தேய்ஞ்சு போற பொருள் இருக்கிற விளையாட்டுன்னா சில்லறைச் செலவு இன்னும் ஏறும். அரங்கேற்றம் இருக்கிற கலைன்னா ஒரே நாள்ல பெரிய தொகை நிக்கும்.

இந்தப் பணத்தை எப்படி ரெடி பண்றது?

கோச்சிங் ஃபீஸ் மாசா மாசம் சம்பளத்துல போயிரும். மிச்சம் 60,300 இருக்கே, அதுதான் சிக்கல். ஏன்னா அது சமமா வராது. காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, அப்புறம் மே மாசம்னு பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் பெரிய போட்டிகள் வரும். அதே மே மாசம்தான் அடுத்த வருஷ ஸ்கூல் ஃபீஸ், புக், யூனிஃபார்ம் எல்லாம் வரிசையா நிக்கும்.

அதனால 60,300-ஐ 12-ஆல வகுத்து, மாசம் 5,025 ரூபாயைத் தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு, சம்பளம் வந்த மறுநாளே தானா போற மாதிரி வெச்சிருங்க. ஆர்டி போடலாமேன்னு கேட்பீங்க. ஆர்டியில நடுவுல கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, முடிச்சுத்தான் எடுக்கணும். வருஷத்துக்கு மூணு தடவை எடுக்க வேண்டிய பணத்துக்கு தனி சேவிங்ஸ் அக்கவுண்டே போதும். இந்தப் பணத்துக்கு வட்டி முக்கியமில்ல, தேவைப்படுற அன்னைக்குக் கையில இருக்கிறதுதான் முக்கியம்.

இப்படிச் சேர்க்காம விட்டா என்ன ஆகும்? ரெண்டு கணக்கு பாருங்க.

மே மாச ட்ரிப்புக்கு 40,000-ஐ கிரெடிட் கார்டுல தேய்ச்சு, முழுசா கட்டாம விட்டா, மாசம் 3.5% வட்டின்னு வெச்சுக்கிட்டா முதல் மாசமே 1,400 வட்டி. அதுக்கு 18% ஜிஎஸ்டி 252. ஆக ஒரு மாசத்துக்கு 1,652 ரூபாய், அசல்ல ஒரு ரூபா குறையாம!

ஒரு லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 4,801. மொத்தம் கட்டுறது 1,15,230. முன்னாடியே மாசம் 5,025 எடுத்து வைக்க முடியாதுன்னு சொன்ன அதே வீடு, அப்புறம் ரெண்டு வருஷம் 4,801 கட்டிட்டு இருக்கும். வட்டி மட்டும் 15,000-க்கு மேல.

நம்ம பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு, அவசரம்னா நகையை வெச்சிர்றது. வைத்தியத்துக்கு, காலேஜ் ஃபீஸுக்கு வைக்கிறது வேற. போட்டிச் செலவு திரும்பி வராத செலவு. அதுக்கு நகை வெச்சா, பாப்பா ஒவ்வொரு ஆட்டத்துலயும் அம்மா வளையலைக் காய்க்குப் பக்கத்துல வெச்சுத்தான் ஆடும். தோத்தா அந்தப் பாரம் பிள்ளை மேலதான் விழும்.

இப்போ நேரக் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான்.

- தூக்கம், தினம் 8 மணி: 56
- பள்ளி, போய் வர்ற நேரம் சேர்த்து தினம் 9 மணி, 6 நாள்: 54
- குளியல், சாப்பாடு, மத்தது தினம் 3 மணி: 21
- டியூஷன், 6 நாள், தினம் 2 மணி: 12
- வீட்டுப்பாடம், சொந்தப் படிப்பு: 10
- செஸ் பயிற்சி: 10

கூட்டினா 163. மிச்சம் வாரத்துக்கு 5 மணி நேரம். அதுலதான் ஃபிரண்ட்ஸ், டிவி, மொபைல், கோயில், சொந்தக்காரங்க விசேஷம், சும்மா உட்கார்ந்திருக்கிறது எல்லாம்.

இதுல ஒரு சனி, ஞாயிறு போட்டி வந்தா? இல்ல "ஒலிம்பியாட் கோச்சிங் ஒண்ணு சேர்த்துரலாம், வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான்"னு யாராவது சொன்னா? அந்த நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்துல இருந்துதான் வரும். நமக்கு கிரெடிட் கார்டு எப்படியோ, பிள்ளைங்களுக்குத் தூக்கம் அப்படி. பட்ஜெட் மீறினதெல்லாம் அதுல போய் ஏறும், பில் பரீட்சை நேரத்துல வரும்.

அதனால எங்க வீட்டு ரூல்னு ஒண்ணு எழுதி ஒட்டிக்கோங்க: புதுசா ஒரு கிளாஸ் சேர்க்கணும்னா, பழசுல ஒண்ணை எடுக்கணும். பணம் இருக்குங்கிறதுக்காக மட்டும் சேர்க்கக் கூடாது.

காலை 8.45-க்கு பரீட்சை, ராத்திரி 2 மணி வரைக்கும் ஆட்டம்

இந்த இழுபறிக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் பிரக்ஞானந்தா. 2022 மே மாசம், செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டியோட அரையிறுதி. அனீஷ் கிரியை அவர் ஜெயிச்சு முடிக்கும்போது நம்ம நேரம் ராத்திரி ரெண்டு மணி. காலையில 8.45-க்கு ஸ்கூல்ல இருக்கணும், பதினொண்ணாம் வகுப்பு காமர்ஸ் பரீட்சை. அப்போ அவருக்கு 16 வயசு. பரீட்சையும் எழுதினார், இறுதிப் போட்டியும் ஆடினார். இறுதியில டிங் லிரனிடம் தோற்றார்.

இந்தக் கதையில நம்ம பார்க்க வேண்டியது அவங்க வீட்டை. அப்பா ரமேஷ்பாபு வங்கி ஊழியர், நம்மள மாதிரி மாசச் சம்பளம். முதல்ல செஸ்ஸுக்குப் போனது அக்கா வைஷாலி. டிவி பார்க்கிறதைக் குறைக்கணும்னு சேர்த்து விட்டாங்க. ரெண்டாவது பிள்ளையையும் செஸ்ல விட வேண்டாம்னுதான் அப்பா முதல்ல நினைச்சார். காரணம் செலவு. ஆனா தம்பி தானா வந்து போர்டு முன்னாடி உட்கார்ந்துட்டான். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அம்மா நாகலட்சுமி கூடவே போய், குக்கர் கொண்டு போய் ரசம் சாதம் செஞ்சு கொடுத்ததை எல்லாரும் பாசக் கதையா ஷேர் பண்ணினாங்க. பாசம் உண்மைதான். அதுல ஒரு பட்ஜெட்டும் இருக்கு: பிள்ளைக்குப் பழகின சாப்பாடும் ஆச்சு, ஹோட்டல் செலவும் மிச்சம்.

குகேஷ் வீடு வேற பாதை. நாலாம் வகுப்புக்கு அப்புறம் முழு நேரப் பள்ளியை நிறுத்திட்டாங்க. அப்பா டாக்டர் ரஜினிகாந்த், பையன் கூடப் பயணம் போறதுக்காகத் தன் மருத்துவ வேலையை நிறுத்தி வெச்சார். அம்மா பத்மாவோட சம்பளத்துல வீடு ஓடுச்சு, நண்பர்கள் உதவினாங்க. 2024 டிசம்பர்ல 18 வயசுல உலக சாம்பியன்.

ரெண்டும் ஜெயிச்ச கதை. ஆனா ஒரு சம்பளத்தை நிறுத்துறது பெரிய பந்தயம். அதை எடுத்து ஜெயிக்காத வீடுகளோட பேட்டி எந்த சேனல்லயும் வராது. மாசச் சம்பளக் குடும்பத்துக்குப் பொருந்துற பாதை முதல் பாதைதான்: வேலையும் ஓடட்டும், பள்ளியும் ஓடட்டும், போட்டியும் ஓடட்டும், ஆனா அளவா.

நம்ம ஊர்லயே பார்க்கலாம்

கோயமுத்தூர்னா நரேன் கார்த்திகேயன் ஞாபகம் வரும். ஸ்டேன்ஸ் பள்ளி மாணவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனே ராலி சாம்பியன். 15 வயசுல, 1992-ல, பிரான்ஸ்ல இருக்கிற எல்ஃப் வின்ஃபீல்டு ரேஸிங் ஸ்கூலுக்குப் போனார். 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார். 15 வயசுப் பையனை பிரான்ஸ் அனுப்ப எல்லா வீட்டாலயும் முடியுமா? முடியாது. கார் ரேஸ் அப்படி ஒரு விலை உள்ள ஹாபி.

ஆனா அதே ஊர்ல இன்னொருத்தர் வேற மாதிரி யோசிச்சார். கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒற்றை சீட் ரேஸ் கார் செஞ்சு, ரேஸுக்குள்ள நுழையறதுக்கான செலவையே குறைச்சார். அவர் 1995-ல இறந்தார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான். நமக்கு இதுல இருக்கிற பாடம்: பெரிய செலவு பண்றதுக்கு முன்னாடி, அதே விஷயத்தை மலிவா ஆரம்பிக்க வழி இருக்கான்னு தேடணும். வாடகை, பழைய சாமான், பள்ளி டீம், மாவட்ட விளையாட்டு மைதானம், முதல் வருஷம் இது போதும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பாருங்க. அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் பாதிப்பு. காய்கறி வித்த அம்மா சரோஜா, வைத்தியத்துக்காக 3 லட்சம் கடன் வாங்கினாங்க. பையனோட திறமையைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான் கண்டுபிடிச்சார். 14 வயசுல, உடல் குறை இல்லாத பசங்களோட உயரம் தாண்டி ரெண்டாவது வந்தார். படிப்பையும் விடாம பிபிஏ முடிச்சார். 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம். முதல் கண்டுபிடிப்பு நடந்தது ஒரு பள்ளி மைதானத்துல, காசு கட்டின அகாடமியில இல்ல.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்? உண்மையான பட்டியல்

பரிசுப் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீங்க. வேற சில வழிகள் இருக்கு:

- பள்ளிக் கல்வித் துறை நடத்துற குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள்: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம்னு படிப்படியா போகும். பிடி வாத்தியார்கிட்ட பேர் கொடுத்தாலே ஆரம்பம்.
- பொறியியல் கலந்தாய்வுல சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் ஒதுக்கீடு. தமிழக அரசு வேலையில 3% ஒதுக்கீடு.
- கேலோ இந்தியாவுல தேர்வானா, வருஷத்துக்கு 6.28 லட்சம் மதிப்புள்ள உதவி. அதுல 1.20 லட்சம் கைச்செலவுக்கு, மாசம் 10,000-ன்னு வரும்.
- தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு: பதினொண்ணாம் வகுப்புல 1,500 பேருக்கு, மாசம் 1,500 வீதம் ரெண்டு வருஷம். மொத்தம் 36,000. பத்தாம் வகுப்புத் தமிழ் பாடத்துல இருந்துதான் கேள்வி. நம்ம உதாரணத்துல ஒரு வருஷக் கோச்சிங் ஃபீஸே அவ்வளவுதானே!
- முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு: அரசுப் பள்ளி மாணவர்கள் 1,000 பேருக்கு, இளநிலைப் பட்டம் முடிக்கிற வரை வருஷத்துக்கு 10,000.
- எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தா என்எம்எம்எஸ் தேர்வு: அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு. 9 முதல் 12 வரை வருஷத்துக்கு 12,000.
- அறிவியல்ல ஆர்வம்னா இன்ஸ்பயர் மானக்: தேர்வாகுற யோசனைக்கு 10,000.

ஒதுக்கீட்டுக்கு எந்த விளையாட்டு, எந்த அளவு போட்டி, எந்தப் படிவத்துல சான்றிதழ்னு வருஷா வருஷம் அறிவிப்புல பட்டியல் வரும். அதைப் பார்த்துட்டுத்தான் போட்டியைத் தேர்ந்தெடுக்கணும். ஏன்னா "நேஷனல் லெவல்", "இன்டர்நேஷனல்", "உலக சாதனை"ன்னு பேர் வெச்சு, கட்டணம் வாங்கிட்டு வந்த எல்லாருக்கும் கோப்பை கொடுக்கிற நிகழ்ச்சிகளும் நிறைய இருக்கு. சந்தோஷத்துக்குப் போறதுன்னா போங்க. ஆனா கவுன்சிலிங்ல அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்காது. கட்டணம் கட்டும் முன்னாடி ஒரே கேள்வி: இதை நடத்துறது அங்கீகாரம் பெற்ற சங்கமா?

எல்லா ஹாபியும் போட்டியா மாறணுமா?

தேவையில்லைங்க. நம்ம கொங்குல சாயங்காலம் ஆனா ஊர்த் திடல்ல வள்ளி கும்மி பழகுறாங்க. பள்ளிப் பிள்ளைங்க, அம்மாமார், பாட்டிமார் எல்லாரும் ஒரே வட்டத்துல. அந்தக் கலைக்காகவே வாழ்ந்த பத்ரப்பன் அய்யாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ கிடைச்சது. இதுக்கு ரேட்டிங் கிடையாது, ரேங்க் கிடையாது. பிள்ளை வேர்க்க வேர்க்க ஆடி, வீட்டுக்கு வந்து நல்லாச் சாப்பிட்டுத் தூங்கும். அதுக்கு மேல என்ன வேணும்?

போட்டிக்குப் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற இடத்துல பிள்ளையையும் உட்கார வைங்க. "என்ன சாமி, அடுத்த மாசம் திருச்சி போகோணுமா, இல்ல இங்கயே ஆடிக்கலாமா? பயப்படாம சொல்லு"ன்னு கேட்டுப் பாருங்க. போகணும்னு சொன்னா சந்தோஷம். "எனக்குச் செஸ் பிடிக்கும்ண்ணா, டோர்னமென்ட்தான் பிடிக்கல"ன்னு சொன்னா அதுவும் ஒரு முழுப் பதில்தான். அண்ணன் காசு கட்டுறாரேங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளை ஆடிட்டு இருக்கக் கூடாது.

பத்தாவது வந்தா என்ன பண்றது?

அடியோட நிறுத்த வேண்டாம், குறைச்சா போதும். நம்ம உதாரணத்துல வெளியூர் ட்ரிப்பை 3-ல இருந்து 1, உள்ளூர்ப் போட்டியை 10-ல இருந்து 5, சில்லறைச் செலவைப் பாதியா ஆக்கினா: 36,000 + 5,000 + 12,000 + 3,000, அப்பா சம்பளப் பிடித்தம் சுமார் 2,800. மொத்தம் 58,800. அந்த வருஷம் 37,500 மிச்சம். பயிற்சி தொடரும், ஆட்டம் கையை விட்டுப் போகாது.

மிச்சத்தைக் காலேஜ் கணக்குல போடுங்க. ஒன்பதாவதுல இருந்து காலேஜ் வரைக்கும் 48 மாசம். மாசம் 5,000, 7% வட்டின்னா சுமார் 2.76 லட்சம். ஹாபிக்கு மட்டும் சேர்த்துட்டு, காலேஜுக்கு முழுசா லோனை நம்புற வீடா ஆகிடாதீங்க.

கடைசியா, சம்பாதிக்கிற அண்ணன் அக்காவுக்கு

உங்க பணத்துக்கும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், அடுத்து அப்பா அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு, உங்களை நம்பி வீடு ஓடுதுன்னா உங்க பேர்ல டேர்ம் இன்சூரன்ஸ். அதுக்கு அப்புறம்தான் தங்கச்சியோட போட்டி அக்கவுண்ட். உங்க வேலை ஒரு மாசம் ஆடிப்போனா முதல்ல நிக்கிறது பாப்பாவோட கிளாஸ்தான். அது நிக்காம இருக்கணும்னா உங்க அஸ்திவாரம் கெட்டியா இருக்கணும்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த நாலு வேலையை முடிச்சிருங்க:

1. போன 12 மாசத்துல ஹாபிக்கு ஆன எல்லாச் செலவையும் எழுதுங்க. லீவுல போன சம்பளத்தையும் சேருங்க.
2. கிளாஸ் ஃபீஸைக் கழிச்சு, மிச்சத்தை 12-ஆல வகுத்து, தனி அக்கவுண்டுக்கு ஆட்டோ டிரான்ஸ்ஃபர் போடுங்க.
3. பிள்ளையோட உட்கார்ந்து 168 மணி நேரக் கணக்கை அவங்க கையாலயே எழுத வைங்க. மிச்சம் எத்தனை மணின்னு பாருங்க.
4. அடுத்த வருஷப் போட்டிகள்ல எது வேணும், எது வேண்டாம்னு பிள்ளையையே டிக் பண்ணச் சொல்லுங்க.

உங்க வீட்டுக் கணக்குல கிளாஸ் ஃபீஸ் எத்தனை சதவீதம், மறைஞ்சிருந்த செலவு எத்தனை சதவீதம்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல அதுல இருந்து ரெண்டு மூணு பட்ஜெட்டை எடுத்து, எங்க குறைக்கலாம்னு சேர்ந்து பார்க்கலாம். வரட்டுங்களா!